பழைய டிஎஸ்எல்ஆர் வாங்கப் போறவங்க பாடிய கடைசியா பாருங்க

"அண்ணா, 1200டி ஒன்னு ஒம்போதாயிரத்துக்கு வருது, டி3200 ஒன்னு பதினோராயிரம் சொல்றான், எத வாங்கட்டும்?" ரெண்டும் பழைய டிஎஸ்எல்ஆர், அதாவது லென்ஸ கழட்டி மாத்தற கேமரா, மொதல்ல சொன்னது கேனான், அடுத்தது நிக்கான். இந்த கேள்வி எனக்கு போன்ல வருது, தர்மபுரி பஸ் ஸ்டாண்டுல நிக்கும்போது வருது, கல்யாண வீட்டுப் பந்தில எல போட்டு உக்காந்திருக்கும்போது கூட வருது. கேக்கறது பெரும்பாலும் காலேஜ் முடிச்ச தம்பிங்க, இல்லன்னா ஓசூர் பக்கம் கம்பெனி வேலைக்குப் போயி மொத மொதல்ல சம்பளத்துல கொஞ்சம் மிச்சம் பண்ணவங்க. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அவங்களே பதிலும் சொல்லிடுவாங்க, "அதுல 24 மெகாபிக்சல்ணா, இதுல வெறும் 18 தான்". அவ்ளோதான், மனசுக்குள்ள டி3200 வாங்கியாச்சு, என்கிட்ட வர்றது சும்மா திருநீறு பூசிக்கத்தான்.

சரி அந்த மெகாபிக்சல் கணக்கையே மொதல்ல பாத்துடலாம். கேனான் 1200டில படத்தோட அகலம் 5184 பிக்சல், நிக்கான் டி3200ல 6016. 18க்கும் 24க்கும் நடுவுல பெரிய பள்ளம் இருக்கற மாதிரி தோணும், ஆனா அகலத்துல பாத்தா நூத்துக்கு பதினாறுதான் கூடுது. நம்ம ஊரு கல்யாண ஆல்பம் விரிச்சா 12க்கு 36 இன்ச், ஒரு பக்கம் மட்டும் 12க்கு 18. அத 300 டிபிஐல (இன்ச்சுக்கு 300 புள்ளி) பிரிண்ட் போட 5400க்கு 3600 பிக்சல் வேணும், 1200டி குடுக்கறது 5184க்கு 3456. அதாவது ஆல்பத்துல முழுப் பக்கத்துக்கு ஒரே படத்த போட்டாலும் இந்த பழைய 18 மெகாபிக்சல் கிட்டத்தட்ட போயி சேந்துடுது. நீங்க போட்டோவ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போடப் போறீங்க, அது எத்தன பிக்சலா இருந்தாலும் அமுக்கி சின்னதாக்கித்தான் போடும். இதுக்கா ரெண்டாயிரம் ரூவா சேத்து குடுக்கறது?

அந்த ரெண்டாயிரத்த லென்ஸுக்கு எடுத்து வைங்க. நான் இந்த கட்டுரைல சொல்ல வந்ததே இதான், மத்ததெல்லாம் இதுக்கு வெளக்கம். பழைய ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர் வாங்கறவன் நெசமா வாங்கறது பாடிய (லென்ஸ் இல்லாத வெறும் கேமராவ) இல்ல, பாடிக்கு முன்னாடி இருக்கற அந்த வட்டமான ஓட்டைய. அந்த ஓட்டைல நாளைக்கு என்ன லென்ஸ் மாட்ட முடியும், அது நம்ம காசுக்கு கெடைக்குமா, மாட்டினா ஆட்டோஃபோகஸ் வேல செய்யுமா, இத மூணையும் பாத்துட்டு அப்புறமா பாடி எதுன்னு பாத்தா போதும்.

இதுல கேனானுக்கும் நிக்கானுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு, விக்கறவன் யாரும் சொல்ல மாட்டான் (அவனுக்கே தெரியாது, அது வேற கத). கேனான்காரன் 1987ல ஈஎஃப் மவுண்ட் (லென்ஸ் மாட்டற அந்த ஓட்ட) கொண்டாந்தப்பவே ஃபோகஸ் மோட்டார லென்ஸுக்குள்ள வெச்சுட்டான், அதனால எவ்ளோ பழைய ஈஎஃப் லென்ஸ எடுத்து 1100டில மாட்டினாலும் ஆட்டோஃபோகஸ் ஓடும். நிக்கான்ல அப்படி இல்ல. பழைய ஏஎஃப், ஏஎஃப்-டி லென்ஸுங்களுக்கு மோட்டார் பாடிலதான் இருக்கணும், ஆனா டி40ல ஆரம்பிச்சு டி3000 வரிசை, டி5000 வரிசைன்னு ஆரம்பநிலை பாடி எதுலயும் அந்த மோட்டார் கெடையாது, அது வேணும்னா டி7000 மாதிரி கொஞ்சம் பெரிய பாடிக்கு போவணும். ஒருத்தன் டி3100 வாங்கிட்டு, சீப்பா வருதேன்னு 50 எம்எம் எஃப் 1.8டி லென்ஸ வாங்கி மாட்டினா படம் வரும், ஃபோகஸ் மட்டும் கையால திருப்பிக்கிட்டே இருக்கணும். அவனுக்கு வேண்டியது ஏஎஃப்-எஸ்னு போட்டிருக்கற லென்ஸ், 35 எம்எம் எஃப் 1.8ஜி ஒன்னு 2009ல வந்துச்சு, இந்த சின்ன பாடிக்கெல்லாம் அதவிட நல்ல லென்ஸ் எனக்குத் தெரிஞ்சு இல்ல, செகண்ட்ஸ்ல கெடச்சா விடாதீங்க. ஏஎஃப்-பின்னு இன்னொன்னு பின்னாடி வந்துச்சு, அது டி3100, டி5100 மாதிரி பழசுல மாட்டினா ஃபோகஸே ஆவாது. ஒரு எழுத்து மாறினா காசு போச்சு, அதனால லென்ஸ் மேல எழுதியிருக்கறத ஒரு எழுத்து விடாம படிங்க.

இதுக்காக நிக்கான் வாங்காதீங்கன்னு சொல்லல. டி3200 சென்சார் நல்ல சென்சார், வெளிச்சம் கம்மியா எடுத்த படத்த கம்ப்யூட்டர்ல போட்டு வெளிச்சத்த ஏத்தினா இருட்டுப் பக்கம் கேனான விட சுத்தமா வரும், அது உண்மைதான். லென்ஸுக்கு எவ்ளோ ஆவும்னு சேத்து கூட்டிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்கன்னு சொல்றேன்.

நான் வாங்கினது 1200டி. 2014ல வந்த மாடல், ஒம்போது ஃபோகஸ் பாயிண்ட், செகண்டுக்கு மூணு படம், வைஃபை கெடையாது. இந்த மாடல் நம்ம பக்கம் இவ்ளோ கெடைக்கறதுக்கு ஒரு காரணம் இருக்கு. பத்து வருசத்துக்கு முன்னாடி இன்ஜினியரிங் காலேஜ்ல ஹாஸ்டலுக்கு ஒருத்தன் கழுத்துல கேனான் பட்டைய மாட்டிக்கிட்டு சுத்துவான், பேருக்கு பின்னாடி போட்டோகிராஃபின்னு சேத்து ஃபேஸ்புக்ல பேஜ் இருக்கும், கல்ச்சுரல்ஸ் அன்னிக்கி அவன்தான் ராஜா. அப்புறம் வேல கெடச்சு பெங்களூர் போயிட்டான், கல்யாணம் ஆச்சு, போன்லயே கேமரா நல்லாயிடுச்சு. கேமரா மட்டும் பையோட வீட்டு பீரோல. இந்த மாதிரி கேமராதான் நமக்கு வேணும். ஸ்டுடியோல ஓடின பாடின்னா முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் ஆயிரக்கணக்குல க்ளிக் ஆகியிருக்கும், இவனுங்களுது நாலு டூர், ரெண்டு ஃபேர்வெல், அதோட சரி. ஆனா பீரோல இருந்ததுக்குன்னு தனியா ஒரு வியாதி உண்டு, அதுக்கு வர்றேன்.

காவேரிப்பட்டணத்துல ஒரு வீடு. பையன் பெங்களூர்ல, அவங்க அப்பாதான் காட்டினாரு. பைய தொறந்ததும் பாச்சா உருண்ட வாசன குப்புன்னு வந்துச்சு. "அப்பவே கிட்டத்தட்ட முப்பதாயிரம் ஆச்சு தம்பி, பத்திரமா வெச்சிருக்கோம்"னாரு. பத்திரமாத்தான் இருந்துச்சு, ஒரு கீறல் இல்ல. கீறல் இல்லாதத பாத்து மயங்கக் கூடாது, கீறல் விழுந்த கேமரா ஒழுங்கா படம் எடுக்கும், பளபளன்னு இருக்கறது உள்ள செத்துப் போயிருக்கலாம்.

மொதல்ல லென்ஸ கழட்டி போன் டார்ச்ச ஒரு பக்கத்துல இருந்து அடிச்சு இன்னொரு பக்கத்துல கண்ண வெச்சு பாத்தேன். பல்ப கொஞ்சம் சாய்ச்சு சாய்ச்சு அடிக்கணும், நேரா அடிச்சா கண்ணு கூசறதத் தவிர ஒன்னும் தெரியாது. சின்னச் சின்ன புள்ளியா தெரிஞ்சா தூசி, எல்லா பழைய லென்ஸ்லயும் இருக்கும், படத்துல ஒன்னும் பண்ணாது. கண்ணாடி ஓரத்துல இருந்து மெல்லிசா நூல் நூலா கிளை விட்டு சிலந்தி வல மாதிரி ஓடுச்சுன்னா ஃபங்கஸ், காத்து போவாத எடத்துல ஈரத்தோட அடச்சு வெச்சா வர்றது, அதான் பீரோ வியாதி. பைக்குள்ள ரெண்டு லென்ஸ் இருந்துச்சு, 18-55 சுத்தமா இருந்துச்சு, கூட இருந்த 55-250ல ஓரமா ரெண்டு நூல் கெளம்பியிருந்துச்சு. அவருக்கும் டார்ச்ச குடுத்து காட்டினேன், கண்ணாடிய நெத்தி மேல ஏத்திக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு, "இது என்னப்பா பாசி புடிச்சாப்ல"ன்னாரு. பெரிய லென்ஸ் வேணாம்னு சொல்லி சின்னதுக்கு மட்டும் வெல பேசினேன். நிக்கான் ஜி லென்ஸ்ல இந்த சோதன பண்றவங்களுக்கு ஒன்னு, அது கழட்டினதும் அப்பர்ச்சர் (லென்ஸுக்குள்ள வெளிச்சம் வர்ற ஓட்ட) மூடிக்கும், உள்ள ஒன்னும் தெரியாது, பின்னாடி இருக்கற குட்டி லீவர நகத்தால தள்ளிப் புடிச்சுக்கிட்டு பாக்கணும்.

அடுத்தது எஃப் 11 (எஃப் நம்பர் கூடினா அப்பர்ச்சர் சின்னதாவும்). இத யாரும் செய்யறதில்ல. கேனான் 18-55ல அப்பர்ச்சருக்கு போற மெல்லிசான கேபிள் ஒன்னு இருக்கு, ஜூம் திருப்பித் திருப்பி அது அந்து போவும். அந்துட்டாலும் லென்ஸ முழுசா தொறந்து வெச்சு எடுத்தா படம் ஜம்முனு வரும், விக்கறவரு உங்க கண்ணு முன்னாடியே நாலு படம் எடுத்து காட்டுவாரு, நீங்களும் தலையாட்டிட்டு வாங்கிட்டு வருவீங்க. அப்பர்ச்சர கொஞ்சம் மூடினாதான் எர்ர் 01னு ஸ்கிரீன்ல வரும். அதனால ஏவி மோடுல (அப்பர்ச்சர நம்மளே வெக்கற மோடு) எஃப் 11 வெச்சு 18ல ஒன்னு, 35ல ஒன்னு, 55ல ஒன்னு க்ளிக் பண்ணிப் பாருங்க. அப்படியே எஃப் 22க்கு போயி வெள்ளச் செவுத்தையோ வானத்தையோ எடுத்து பெருசு பண்ணிப் பாத்தா சென்சார் மேல இருக்கற தூசி கருப்புப் புள்ளியா தெரியும். ப்ளோவர் பம்புல ஊதினா போற தூசின்னா கவலப்பட வேணாம், வாயால மட்டும் ஊதாதீங்க. வியூஃபைண்டர்ல எட்டிப் பாத்தா தெரியற தூசி இது இல்ல, அது படத்துலயே வராது, ஆனா வெல கொறைக்க அத காட்டி பேசலாம், தப்பில்ல.

ஷட்டர் கவுன்ட் பத்தி, அதாவது கேமரா இதுவரைக்கும் எத்தன க்ளிக் ஆயிருக்குன்னு எல்லாரும் கேப்பாங்க. நிக்கான்ல சுலபம், எடுத்த ஜேபெக் ஃபைலுக்குள்ளயே அந்த நம்பர் இருக்கும், ஃபைல அப்படியே காப்பி பண்ணி எக்ஸிஃப் (ஃபைலுக்குள்ள இருக்கற அந்த விவரம்) படிக்கற சாஃப்ட்வேர்ல போட்டா வந்துடும், வாட்ஸ்அப்ல அனுப்பினா அழிஞ்சு போவும். 1200டி மாதிரி கேனான்ல ஃபைல்ல இருக்காது, யூஎஸ்பில மாட்டி தனி சாஃப்ட்வேர் போட்டுத்தான் பாக்கணும். படத்தோட ஃபைல் நம்பர நம்பாதீங்க, அது 9999 போனதும் மறுபடி 0001ல இருந்து ஓடும். டி3100 மாதிரி பாடிக்கு ஷட்டர் ஒரு லட்சம் க்ளிக் வரைக்கும் சோதன பண்ணதுன்னு கம்பெனி சொல்லும், அதுக்கு மேலயும் ஓடறது உண்டு, முன்னாடியே மண்டைய போடறதும் உண்டு. போச்சுன்னா மாத்தற செலவு பாடி வெலையவே தொட்டுடும். எனக்கு இந்த நம்பர விட கிரிப் ரப்பர் எவ்ளோ வழுக்குது, ஷட்டர் பட்டன் பக்கத்துல பெயிண்ட் தேஞ்சிருக்கா, ஹாட் ஷூல (மேல ஃப்ளாஷ் மாட்டற எடம்) கீறல் இருக்கா, இதெல்லாம் பாத்தாலே ஓட்டம் எவ்ளோன்னு தெரிஞ்சிடும். பில்லும் அட்டப்பொட்டியும் கேளுங்க, பொட்டில இருக்கற சீரியல் நம்பரும் பாடி அடில இருக்கறதும் ஒன்னா இருக்கணும், திருட்டு கேமரா வாங்கிட்டு ஸ்டேஷன்ல நிக்க வேணாம். பேட்டரி உப்பியிருந்தா அத போடாம வேற வாங்கிக்கலாம், 1200டிக்கு போடற எல்பி-ஈ10 பேட்டரியத்தான் 2018ல வந்த 1500டியும் போடுது, அதனால சுலபமா கெடைக்கும்.

இப்போ, வாங்கிட்டு வந்து என்ன பண்றது. நம்ம மாவட்டத்துல எனக்கு ஆசைப்பட்டு எடுக்கத் தோணறது கூத்துதான், சித்திர வைகாசில திரௌபதி அம்மன் கோயில் திருவிழான்னா ராத்திரி பூரா பாரதக் கூத்து நடக்கும், விடிஞ்சா துரியோதனன் படுகளம். கிட் லென்ஸோட (கேமராவோட சேந்து வர்ற அந்த 18-55) போயி முன்னாடி மண்ணுல உக்காந்தேன். கிரீடம், புஜக்கட்ட, மார்பதக்கம் எல்லாம் கண்ணாடித் துண்டு ஒட்டி சும்மா மின்னுது, முகத்துல அரிதாரம், அடவு போடறப்ப காலடில கெளம்பற புழுதி. கேமராவ தூக்கினா கிட் லென்ஸ் 55ல எஃப் 5.6க்கு கீழ தொறக்காது, ஐஎஸ்ஓவ (வெளிச்சத்த எவ்ளோ ஏத்திக் காட்டணும்ங்கற அளவு) 6400 வெச்சும் ஷட்டர் செகண்டுல ஐம்பதுல ஒரு பங்குதான் கெடைக்குது, ஆடற ஆள எப்படி அதுல புடிக்கறது, கிரீடம் ஒரு கோடா போவுது, படம் பூரா மணல் கொட்டின மாதிரி நாய்ஸ். அங்க பக்கத்துல ஒரு பெரியவரு ஆண்ட்ராய்டு போன்ல எடுத்தது என்னுத விட பளிச்சுனு இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

அதே பாடில 50 எம்எம் எஃப் 1.8 மாட்டிப் பாத்தேன். 5.6ல இருந்து 1.8க்கு வந்தா உள்ள வர்ற வெளிச்சம் கிட்டத்தட்ட பத்து மடங்கு. அந்த பத்து மடங்க எப்படி வேணா செலவு பண்ணிக்கலாம், நான் ஷட்டர நூறுல ஒரு பங்காக்கி ஐஎஸ்ஓவ 1250க்கு எறக்கினேன். நூறுன்னு சும்மா சொல்லல, நம்ம கரண்ட்டு 50 ஹெர்ட்ஸ், மேடைல கட்டற மட்ட லைட்டுங்க செகண்டுக்கு நூறு தடவ மினுக்குது, ஷட்டர் அதவிட வேகமா போனா படத்துல பட்ட பட்டயா கோடு விழும், இல்லன்னா ஒரு படம் வெளிச்சமா அடுத்த படம் மங்கலா வரும். நூறுலயோ ஐம்பதுலயோ நின்னா அந்த தொல்ல இல்ல. ஆடறவரு சுத்தி வந்து ஒரு நொடி நின்னு வசனத்துக்கு மூச்சு இழுப்பாரு பாருங்க, அப்போ அமுக்கினா கண்ணுல மையோட ஈரம் வரைக்கும் வருது, பின்னாடி இருக்கற மைக்கு, ஒயரு, பிளாஸ்டிக் சேரு எல்லாம் கரஞ்சு போயிடுது. நடு ஃபோகஸ் பாயிண்ட் ஒன்ன மட்டும் வெச்சு எடுத்தேன், இருட்டுல மத்த எட்டும் தடுமாறும். அதே பழைய பாடி, அதே 18 மெகாபிக்சல், லென்ஸ் ஒன்னுதான் மாறுச்சு.

பகல்ல கத வேற. பொங்கலுக்கு அப்புறம் கிருஷ்ணகிரி பக்கம் ஊர் ஊரா எருது விடும் விழா, அங்க வெயிலுக்கு கொறச்சலே இல்ல. ஐஎஸ்ஓ 100, எஃப் 16, ஷட்டர் நூறுல ஒரு பங்கு, நல்ல வெயிலுக்கு இதான் பழைய பிலிம் காலத்து கணக்கு. அத எஃப் 5.6க்கு தொறந்தா எண்ணூறுல ஒரு பங்கு வந்துடுது, ஓடற மாட்டோட கால் நாலும் அந்தரத்துல நிக்கும். இதுக்கு கிட் லென்ஸே போதும். செகண்டுக்கு மூணு படம்தான் எடுக்கும்ங்கறதால பட்டன அமுக்கிப் புடிச்சுக்கிட்டு கடவுளே காப்பாத்துன்னு இருக்க முடியாது, மாடு எந்த எடத்துல வரும்னு பாத்து வெச்சு அமுக்கணும். தடுப்புக்கு இந்தாண்ட நின்னு எடுங்க, படத்துக்காக உள்ள எறங்கற வேலையெல்லாம் வேணாம். வயக்காட்டு ஓரத்துல நிக்கிற நடுகல்லுக்கும் கிட் லென்ஸ்தான், எஃப் 8 வெச்சு காலைல வெயில் சாஞ்சு விழறப்ப எடுத்தா வீரன் கைல இருக்கற வில்லு, காலடி மாடு எல்லாம் நெழலோட எழுந்து நிக்கும், கேமரால இருக்கற ஃப்ளாஷ நேரா அடிச்சீங்கன்னா வெறும் கல்லு. ஒகேனக்கல் போறவங்க மட்டும் ஜாக்கிரதை, இந்த பாடிங்க எதுக்கும் தண்ணி தாங்கற சீல் கெடையாது, பரிசல்ல போறப்ப சாரல்ல நனைய விடாதீங்க. தண்ணி பால் மாதிரி வழியற படம் வேணும்னா உச்சி வெயில்ல எஃப் 22 வெச்சாலும் ஷட்டர் ஐம்பதுல ஒரு பங்குக்கு கீழ எறங்காது, வெளிச்சத்த கொறைக்கற என்டி ஃபில்டர் ஒன்னு வேணும், இல்லன்னா விடியக்காலம் போவணும்.

போன் இருக்கே, இது எதுக்குன்னு கேக்கறவங்களுக்கும் நேரா சொல்லிடறேன். போன் ஒரு படத்துக்கு பல படம் எடுத்து உள்ளயே ஒட்டிக் குடுக்குது, எடுத்த ஒடனே பாக்க அதுதான் நல்லா இருக்கும். அந்த பளபளப்புதான் வேணும்னா, எடுத்து ஒடனே போடணும்னா, பழைய டிஎஸ்எல்ஆர் உங்களுக்கு தொல்லதான், வாங்காதீங்க. 1200டில படத்த போனுக்கு கொண்டாரவே கார்டு ரீடர் மாதிரி ஏதாவது வேணும். 22 மில்லிமீட்டர் அகலத்துக்கு சென்சார் இருக்கறது, லென்ஸ் மாத்தறது, ராவ் ஃபைல (கேமரா சரி பண்ணாம அப்படியே குடுக்கற படம்) டார்க்டேபிள் மாதிரி காசில்லாத சாஃப்ட்வேர்ல போட்டு பொறுமையா சரி பண்றது, இதுல ஒரு ருசி இருக்கறவங்களுக்குத்தான் இது. புதுசா வர்றதெல்லாம் மிரர்லெஸ்தான் (டிஎஸ்எல்ஆர் மாதிரி உள்ள கண்ணாடி இல்லாதது), டிஎஸ்எல்ஆர் காலம் முடிஞ்சு போச்சு, அதனாலதான நம்ம கைக்கு எட்டற வெலைக்கு வருது. ஈஎஃப் லென்ஸ நாளைக்கு அடாப்டர் போட்டு கேனான் மிரர்லெஸ்ல மாட்டினாலும் ஆட்டோஃபோகஸ் ஓடும், நிக்கான் ஏஎஃப்-எஸ்ஸும் அப்படித்தான், லென்ஸுக்குப் போட்ட காசு நிக்கும்.

வாங்கறப்ப லென்ஸ் மேல ஐஎஸ் இல்லன்னா விஆர்னு இருக்கான்னு பாத்துக்கங்க, கேனான் 18-55லயே அது இல்லாத மாடலும் கிட்டோட வந்துச்சு, கை நடுக்கத்துக்கு அது இருந்தா நல்லது. மூடி இறுக்கமா இருக்கற ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் ரெண்டு சிலிக்கா ஜெல் பையும் வாங்கி கேமராவ அதுல வைங்க. 55-250க்கு அந்த அப்பா கடைசில ரெண்டாயிரம் குடுத்தா போதும்னு போன் பண்ணாரு, வேணாம் சார்னுட்டேன். நல்லதா ஒன்னு தேடிக்கிட்டு இருக்கேன், தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் யார் வீட்டு பீரோலயாவது இருந்தா, டார்ச் அடிச்சுப் பாத்துட்டு சொல்லுங்க.